தொண்ணூறு சதவீதம் கட்டியாயிற்று, பிறகென்ன வட்டி?

கிரெடிட் கார்டு என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "அந்தச் சனியனே வேண்டாம், கையில் இருக்கிற காசுக்கு வாங்கு" என்பது ஒன்று. "கேஷ்பேக் கிடைக்கும்போது எவனாவது ரொக்கத்தைக் கொடுப்பானா" என்பது இன்னொன்று. இந்தச் சண்டையில் கணக்கிலேயே வராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. மாதாமாதம் பில்லில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, மீதியை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்கள். மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினால் ஆபத்து என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் அதைச் செய்வதில்லை. "ஐம்பதாயிரத்தில் நாற்பத்தைந்தாயிரம் கட்டியாயிற்று. மீதி ஐயாயிரத்துக்குத்தானே வட்டி, அது எவ்வளவு வந்துவிடப் போகிறது?" என்பது இவர்கள் கணக்கு. விவரம் தெரிந்தவர்கள்கூட இதைச் சொல்வதைக் கேட்டால் உறுத்தலாக இருக்கிறது. கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம், இந்தியாவில் கார்டு வட்டி போடப்படும் முறைக்கு நேர் எதிரானது.

காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்டேட்மென்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 15, கட்ட வேண்டிய கெடு அதிலிருந்து இருபதாம் நாள். ஜூன் 16 முதல் ஜூலை 15 வரையிலான பில்லில் மூன்று செலவுகள்: ஜூன் 18 அன்று ரூ.30,000, ஜூலை 2 அன்று ரூ.12,000, ஜூலை 10 அன்று ரூ.8,000. மொத்தம் ரூ.50,000, கெடு ஆகஸ்ட் 4. கார்டுக்காரர் கெடுவன்றே ரூ.45,000 கட்டிவிடுகிறார். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. சந்தையில் இது சாதாரண விகிதம்தான், 45 சதவீதம் வாங்கும் கார்டுகளும் இருக்கின்றன.

அவர் எதிர்பார்ப்பது, மீதமுள்ள ரூ.5,000-க்கு ஆகஸ்ட் 4 முதல் அடுத்த ஸ்டேட்மென்ட் வரும் ஆகஸ்ட் 15 வரை பதினோரு நாள் வட்டி. அது 63 ரூபாய். வங்கி போடும் கணக்கு வேறு. முழுத் தொகை வராததால், ஒவ்வொரு செலவுக்கும் அது நடந்த தேதியிலிருந்தே வட்டி ஓடும். ஜூன் 18-இல் செலவான ரூ.30,000-க்கு ஆகஸ்ட் 4 வரை 47 நாள், வட்டி ரூ.1,622. ஜூலை 2-இல் போன ரூ.12,000-க்கு 33 நாள், ரூ.456. ஜூலை 10-இன் ரூ.8,000-க்கு 25 நாள், ரூ.230. இவற்றின் மேல்தான் அந்த 63 ரூபாய் வந்து உட்காரும். இத்தோடும் முடியவில்லை. ஜூலை 20 அன்று, அதாவது அடுத்த பில்லுக்கான புதிய சுற்றில், ரூ.10,000-க்கு ஏதோ வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அதன் கெடு இன்னும் வரவே இல்லை. ஆனாலும் அதற்கும் வாங்கிய நாளிலிருந்து 26 நாள் வட்டி, ரூ.299. எல்லாம் சேர்த்தால் ரூ.2,670-ஐத் தாண்டும். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மொத்தம் ஏறக்குறைய ரூ.3,150.

ஐயாயிரம் ரூபாய் பாக்கி வைத்ததற்கு மூவாயிரத்துச் சொச்சம். அந்த ஐயாயிரத்தை நூற்றுக்கு ஐந்து வட்டி என்று கைமாற்று வாங்கியிருந்தால்கூட மாதம் 250 ரூபாயோடு போயிருக்கும். ஐந்து வட்டிக்கு வாங்கச் சொல்லவில்லை. நாம் வாய்கிழியத் திட்டும் கந்துவட்டியைவிட, பொறுப்பாகக் கட்டியதாக நினைத்துக்கொண்ட ஒரு மாதம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விலை கேட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வட்டியில்லா நாட்கள் யாருக்கு?

சிக்கலின் வேர் அந்த வட்டியில்லாக் காலத்தில் இருக்கிறது. "50 நாள் வரை வட்டி இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து, எது வாங்கினாலும் ஐம்பது நாள் இலவசக் கடன் என்று எடுத்துக்கொள்கிறோம். முதலில், அந்த ஐம்பது நாள் சுற்றின் முதல் நாளில் வாங்கியதற்கு மட்டுமே. மேலே சொன்ன கார்டில் ஜூன் 16 அன்று வாங்கினால் 49 நாள் கிடைக்கும், ஜூலை 15 அன்று வாங்கினால் வெறும் 20. இரண்டாவது, இது நிபந்தனையோடு கூடிய சலுகை. முந்தைய பில் முழுதாக அடைபட்டால்தான் செல்லும். ஒரு பகுதி நின்றுபோனால் சலுகை அந்தப் பகுதிக்கு மட்டும் போகாது, மொத்தமாகவே போய்விடும். பழைய செலவுகளுக்குப் பின்தேதியிட்டு வட்டி வரும், புதிய செலவுகளுக்குத் தேய்த்த நொடியிலிருந்து வட்டி வரும்.

அதனால் வட்டியைப் பொறுத்தவரை கார்டுக்கு இரண்டே நிலைதான்: முழுதும் கட்டியது, கட்டாதது. தொண்ணூறு சதவீதத்துக்கும் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கும் அங்கே தனி மரியாதை கிடையாது. ரூ.49,963 பில்லுக்கு ரவுண்டாக ரூ.49,900 அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த 63 ரூபாயும் பாக்கிதான். பைசா வரை அப்படியே கட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இது ஒளித்துவைத்த ரகசியமும் அல்ல. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு விதிகள், முந்தைய மாத பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் போய்விடும் என்பதை உதாரணக் கணக்கோடு வாடிக்கையாளருக்கு விளக்கச் சொல்கின்றன. கார்டோடு வரும் உறைக்குள் பொடி எழுத்துத் தாள் ஒன்று இருக்குமே, அதில் இந்தக் கணக்கு இருக்கும். படிப்பவர்கள்தான் அபூர்வம். வட்டி விகிதத்துக்கு மேல்வரம்பு ஏதாவது இருக்கிறதா என்றால் அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அடைத்த பிறகும் வரும் வட்டி

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கஸ்டமர் கேரில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இதற்காகத்தான் இருக்க வேண்டும். மேற்படி கார்டுக்காரர் சூடுபட்டு, ஆகஸ்ட் 15 ஸ்டேட்மென்டில் வந்த ரூ.18,150-ஐயும் செப்டம்பர் 4 அன்று மொத்தமாகக் கட்டிவிடுகிறார். தொல்லை விட்டது என்று நினைத்தால் செப்டம்பர் 15 ஸ்டேட்மென்டில் மறுபடியும் வட்டியும் ஜிஎஸ்டியுமாக 400 ரூபாய்க்கு மேல். "முழுதும் கட்டிவிட்டேனே!" என்று கோபம் வரும். ஆனால் அந்த ஸ்டேட்மென்டில் இருந்த வட்டி ஆகஸ்ட் 15 வரைக்குமானது. அதற்குப் பின் செப்டம்பர் 4 வரை இருபது நாள் பழைய ரூ.15,000 நிலுவையில்தான் இருந்தது. அதற்கான வட்டி ரூ.345, ஜிஎஸ்டி ரூ.62. நடுவில் கார்டைத் தேய்த்திருந்தால் அதற்கும் சேர்ந்து வரும். இந்தச் சின்னத் தொகையை எரிச்சலில் கட்டாமல் விட்டால் அதுவே அடுத்த பாக்கி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

வெளியே வர ஒரு வழி இருக்கிறது. கெடு வரை காத்திருக்க வேண்டாம். ஆப்பில் 'ஸ்டேட்மென்ட் தொகை' என்று இருப்பதைக் கட்டினால் போதாது, இன்னும் பில்லில் ஏறாத செலவுகளும் சேர்ந்த 'மொத்த நிலுவை' என்ற எண்ணைப் பார்த்து அதைக் கட்டுங்கள். கட்டிய நாளிலிருந்து ஒரு முழுச் சுற்று கார்டைத் தொடாதீர்கள். தானாகக் கார்டிலிருந்து போகும் சந்தாக்களையும் அந்த மாதத்துக்கு வேறு வழிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் ஒட்டிக்கொண்டு வரும் மிச்ச வட்டியை உடனே கட்டினால், அதற்கடுத்ததில் வட்டி வரிசை காலியாக இருக்கும். அதுவரை பழைய சலுகை திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மொத்தமாகக் கட்டப் பணமே இல்லை என்றால்? மினிமம் டியூவின் நிலைமையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ரூ.50,000 பாக்கிக்கு 5 சதவீதம், அதாவது ரூ.2,500 கட்டினால், மாத வட்டி ரூ.1,750, ஜிஎஸ்டி ரூ.315 போக அசலில் கழிவது ரூ.435. எனவே கடனை அங்கேயே வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருப்பதைவிட, மலிவான வேறு கடனுக்கு மாற்றுவதுதான் புத்தி. நகைக்கடன், வங்கி வைப்புநிதியின் (எஃப்டி) மேல் எடுக்கும் கடனான ஓவர்டிராஃப்ட், கடைசியாகத் தனிநபர் கடன் அல்லது பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றுவது. இவற்றின் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே இருக்கும். இப்படி மாற்றுகிறவர்கள் சறுக்கும் இடமும் ஒன்றுதான். கார்டு காலியானதும் லிமிட் மறுபடி முழுதாகத் தெரியும், மறுபடி தேய்ப்பார்கள், இப்போது இரண்டு கடன். மாற்றிய அன்றே ஆப்பில் போய் கார்டின் செலவு வரம்பைக் குறைத்துவிடுவது நல்லது. ஆன்லைன், கடை, வெளிநாடு, செருகாமல் தட்டிக் கட்டுவது (கான்டாக்ட்லெஸ்) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைக்கவும், அணைக்கவும், எல்லாக் கார்டிலும் வசதி இருக்க வேண்டும் என்பது 2020 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கி தானாக லிமிட்டை ஏற்றுவதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். "உங்கள் லிமிட் உயர்ந்திருக்கிறது, ஏற்க இங்கே அழுத்தவும்" என்று வரும் குறுஞ்செய்தியை அழுத்தாமல் விட்டாலே போதும்.

சேமிப்பும் கடனும் ஒரே வீட்டில்

விசித்திரமாகப் படுவது இதுதான்: கார்டில் ஐம்பதாயிரம் பாக்கியும், வங்கியில் ஐம்பதாயிரம் வைப்புநிதியும் ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்கள் நிறைய. "சேமிப்பில் கை வைக்கக் கூடாது" என்ற நம் வீட்டுப் பழக்கம் இங்கே நமக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. 7 சதவீத வைப்புநிதி ஆண்டுக்கு ரூ.3,500 கொடுக்கும். அதே தொகைக்கு 42 சதவீத வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கார்டு எடுத்துக்கொள்வது ரூ.24,780. முன்கூட்டியே உடைப்பதற்கான அபராதம் பெரும்பாலும் வட்டி விகிதத்தில் அரை அல்லது ஒரு சதவீதக் குறைப்புதான். பாக்கி இருக்கும்வரை வேறெந்தச் சேமிப்பும் சேமிப்பல்ல என்பது என் கட்சி. மருத்துவத்துக்கென்று ஒரு சிறு தொகையை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கொண்டு கார்டை அடைத்துவிடலாம்.

ஒரு ரூபாய் வட்டியும் கட்டாதவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு, அது அவ்வளவாகக் கண்ணில் படாது. சம்பளம் வந்ததும் முழுவதும் கார்டு பில்லுக்குப் போகிறது, அன்றாடச் செலவுக்கு மறுபடி கார்டு. பில் ஒழுங்காக அடைகிறது, கிரெடிட் ஸ்கோரும் நன்றாக இருக்கிறது. ஆனால் வரப்போகும் சம்பளம் எப்போதும் முன்பே செலவாகிவிட்டது. ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலோ வேலை மாறும்போது இடைவெளி விழுந்தாலோ, முதல் பில்லிலேயே பாக்கி விழும், மேலே பார்த்த கணக்கு ஆரம்பமாகிவிடும். இதிலிருந்து ஒரே மாதத்தில் மீள முடியாது. மாதம் ரூ.30,000 பில் வருகிறது என்றால், ரூ.6,000 அளவுக்கான ஒரு செலவு வகையைக் கார்டிலிருந்து எடுத்து நேரடியாகக் கணக்கிலிருந்து கட்டத் தொடங்கலாம். முதல் மாதம் பெட்ரோல், மறுமாதம் மளிகை என்று மாற்றினால், ஐந்து மாதத்தில் சம்பளமும் செலவும் ஒரே மாதத்துக்குள் வந்துவிடும். அந்த ஐந்து மாதமும் கை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் செலவு போவதால்.

அதன் பிறகு கார்டைத் திரும்ப எடுக்கலாம், ஒரு ஏற்பாட்டோடு. சம்பளக் கணக்கிலிருந்து தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. கார்டில் தேய்த்த தொகையை அன்றே, முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக, அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். பில் வரும்போது பணம் ஏற்கெனவே அங்கே இருக்கும். கார்டின் ஆட்டோபேயும் அந்தக் கணக்கிலிருந்துதான். ஆட்டோபே போடும் படிவத்தில் 'மினிமம் டியூ', 'டோட்டல் டியூ' என இரண்டு தேர்வு இருக்கும். முதலாவதைத் தேர்ந்துவிட்டு, எல்லாம் தானாகக் கட்டப்படுகிறது என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிடும் அபாயம் இங்கேதான். வேறு வங்கிக் கணக்கிலிருந்து என்றால் மேண்டேட் (பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி) பதிவாக நாளாகும், அதுவரை கையால் கட்ட வேண்டும். மேண்டேட்டில் உச்சவரம்பு போட்டிருந்தால், பில் அதைத் தாண்டும் மாதத்தில் பணம் எடுபடாது. கெடுவுக்கு ஓரிரு நாள் முன்பு கையாலும் கட்டினால், ஆட்டோபே இன்னொரு முறை எடுத்துவிடக்கூடும். போன பணம் கார்டில் வரவாக நிற்கும், தொலையாது, ஆனால் அந்த மாதத்துக்கு முடங்கிவிடும்.

கெடு தேதியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சம்பளம் முதல் தேதி வருகிறவருக்கு 25-ஆம் தேதி கெடு இருப்பது சோதனை. பில்லிங் சுற்றை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை வங்கி தந்தாக வேண்டும். ஸ்டேட்மென்ட் 15-ஐ ஒட்டி வரும்படி மாற்றினால் கெடு அடுத்த மாதம் நான்கைந்து தேதிக்கு வந்துவிடும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிரெடிட் பீரோவுக்குச் சொல்லலாம் என்ற விதியும் உண்டு. ஆனால் அது வட்டியைப் பற்றிய சலுகை அல்ல. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

தள்ளுபடி என்ற பெயரில்

ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வட்டியில்லாக் காலமே கிடையாது, எடுத்த நாளிலிருந்து வட்டி, தனியாகக் கட்டணம். செய்யாதீர்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ரூ.60,000 பொருளை ஆறு மாதத்துக்கு மாதம் ரூ.10,000 என்று தருகிறார்கள். உள்ளே நடப்பது இது: ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்றால், பொருளின் விலையில் ரூ.2,540 தள்ளுபடி தந்து ரூ.57,460-ஐக் கடனாக ஏற்றுவார்கள். அந்த ரூ.2,540 ஆறு மாத வட்டியாகத் திரும்பி வந்து கணக்கு ரூ.60,000-இல் நேராகும். ஆனால் வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.457-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். செயல்பாட்டுக் கட்டணம் ரூ.199 என்றால் ஜிஎஸ்டியோடு ரூ.235. ஆக ஏறக்குறைய ரூ.690. ஆறு மாதத்துக்கு இது மோசமான விலை இல்லை, இலவசமும் இல்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லும் விதி 2022-இல் வந்தது. வாங்கும் முன், மொத்தமாகக் கட்டினால் அதே பொருளுக்கு வேறு தள்ளுபடி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், உண்மையான விலை வித்தியாசம் ரூ.690-ஐவிட அதிகம்.

ரிவார்டு பாயின்ட்டுகளை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. மாதம் ஐம்பதாயிரம் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஒரு சதவீதம் திரும்பி வந்தால் ஆண்டுக்கு ஆறாயிரம், சும்மா வருவது. ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு மாதப் பாக்கி வாங்கிப்போன மொத்தம் ரூ.3,550-க்கு மேல். ஏழு மாதப் பாயின்ட் அதில் போய்விட்டது. ஆண்டுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தவிர்ப்பதற்காக, செலவு இலக்கை எட்ட இன்னும் இருபதாயிரத்துக்குப் பொருள் வாங்குவதும் இதே ரகம். கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அல்லது கார்டையே மூடிவிடுங்கள்.

மூடுவதற்கு வங்கி இழுத்தடிக்கும் என்ற பயத்தில்தான் பலர் பயன்படாத கார்டுக்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாக்கி ஏதும் இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலைநாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதமானால் மூடும்வரை நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கேட்பதற்கு முன் பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள், சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றிவிடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்கு ஆதாரம் இருக்கும். மூடியதாகப் பதில் வந்து இரண்டு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகவும் நிலுவை பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். பழைய மிச்ச வட்டி பத்து இருபது ரூபாய் அங்கே தொங்கிக்கொண்டிருந்தால், அறிக்கையிலேயே தகராறு பதிவு செய்து, வங்கிக்கும் எழுதிவிடுங்கள்.